குருவிக்கு அலகு

தியாகராய நகர், சென்னை-17
12-6-1970

அன்பு மகள் வடிவுக்கு,

அப்பா பஞ்சாட்சரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீங்கள் நாக்பூர் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நீ போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை என்கிறாள். நான் ஒருத்தன் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன். "நீங்க போடுறது சத்தம், அவ பேசுறதுதான் பேச்சு" என்றாள். 

நம் 'கோணக்கோடு' பத்திரிகை விஷயம். ஆசிரியையான நீ கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டாய். உன் சிநேகிதி கமர் ஜஹான் ராயப்பேட்டையில் உட்கார்ந்து பேசும் பூனை கதையை எட்டுப் பக்கத்துக்கு வளர்த்துவிட்டாள். மிஷின் சுற்றுகிற நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். போன வாரம் அவள் ஒரு புது வாசகரிடம் என்னைப் பதிப்பாளர் என்று சொல்லிவிட்டாள். அவர் மரியாதையாக, ஐயா என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டாவது பாஸ், இருபது வருஷமாக மயிலாப்பூர் டுடோரியல் காலேஜில் கேள்வித்தாளை சைக்ளோஸ்டைல் மிஷினில் பிரதி எடுக்கிறேன், அதனால் கேள்வியெல்லாம் தெரியும், பதில் ஒன்றும் தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையில் மிஷினைத் தொட பிரின்ஸிபால் இன்னும் சம்மதிக்கிறார். மீந்த கேள்வித்தாளின் பின்பக்கம்தான் இப்போதும் நமக்குக் காகிதம். 'குழந்தைகளுக்குப் புரியாது, பெரியவர்கள் பார்க்கமாட்டார்கள்' என்று உன் படக்கதையை ஒரு பெரிய பத்திரிகையிலிருந்து திருப்பி அனுப்பினார்களே, அந்தக் கடிதத்தைப் போன இதழின் அட்டையில் போட்டோமல்லவா? அதைப் பார்த்துவிட்டு அடையாறிலிருந்து இரண்டு பேர் தேடி வந்தார்கள்.

ஐந்தாவது இதழில் உனக்கு ஆறு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் எங்கள் வணக்கம்.

உன் அப்பா

*

நாக்பூர்
3-7-1970

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வடிவு வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவுங்கள். அவளே தடவிக்கொள்ள மாட்டாள்.

என் பென்சில் பெட்டியை அத்தை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி எப்போதும் அவர்கள் இடுப்பில்தான் இருக்கும். அதனால் தொலைந்துபோகும் என்ற பயம் இல்லை. நான் எழுதுகிற கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்க்கிறார். எழுத்துப் பிழை இருந்தால் அவருக்குப் பிடிக்காது. படம் போட்டால் மட்டும் பார்ப்பதில்லை. சின்னப்பிள்ளை சமாசாரம் என்பார்.

ஆறு பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அப்பா. இங்கே காலையில் எழுந்தால் வேலை சரியாக இருக்கிறது. கமர் ஜஹானின் பூனையை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வடிவு

*

தியாகராய நகர்
19-7-1970

அன்பு வடிவுக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். முழங்கால் அப்படியே. எண்ணெய் தடவுகிறேன். நான் தடவினால் வலி அதிகமாகிறதாம்.

மாப்பிள்ளை கடிதத்தைப் பிழை பார்த்து அனுப்புகிறார் என்று படித்ததும் அம்மாவும் நானும் பூரித்துப்போனோம். இந்தக் காலத்தில் பெண்டாட்டியின் கடிதத்தை இவ்வளவு அக்கறையாக எந்தப் புருஷன் பார்க்கிறான்? என் கடிதமும் அவர் கண்ணில் படுமே என்று இதை இரண்டு முறை எழுதினேன். இதிலும் பிழை இருந்தால் எட்டாம் வகுப்பு வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளச் சொல்.

உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் குருவியைப் பார்த்தோம். ஆறு வயதில் சிலேட்டில் போட ஆரம்பித்தது, கல்யாணமாகியும் நிற்கவில்லை. அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அம்மா சாப்பிட வந்தாள்.

ஆறு பக்கத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பக்கம் காலியாக இருக்கிறதே என்று நானே ஒரு பசுமாடு வரைந்தேன். கமர் ஜஹான் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேஜை நல்லா வந்திருக்கு மாமா, ஒரு கால்தான் கொஞ்சம் கோணல்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன். நீ அனுப்பும்வரை இதழ் வராது.

உன் அப்பா

*

நாக்பூர்
2-10-1970

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். மூன்று மாதமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இங்கே மழை நின்றுவிட்டது. அத்தை சுகம். அவர் சுகம். நானும் சுகம்.

எழுத வேறு விசேஷம் இல்லாததால் இன்லண்ட் கடிதத்தின் ஓரத்தில் ஆறு கட்டம் போட்டுக் கிறுக்கியிருக்கிறேன். நீங்களும் அம்மாவும் மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

வடிவு

*

தியாகராய நகர்
20-10-1970

அன்பு வடிவுக்கு, அப்பாவின் ஆயிரம் ஆசீர்வாதம்,

இன்றைக்கு யாருடைய முழங்காலையும் பற்றி எழுதப்போவதில்லை. எல்லோரும் அமோகமாக இருக்கிறோம். ஆறு பக்கம் கேட்டேன், ஆறு கட்டம் அனுப்பினாய். அது போதும்!

எவ்வளவு சிரித்தேன் தெரியுமா? ஊஞ்சலில் ஒரு காக்காய், மூக்குக்கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து! அடுத்ததில் குருவி மலை உயரத்துக்குப் பாத்திரம் துலக்குகிறது. மூன்றாவதில் காக்காய் குருவியின் பென்சிலை எடுத்துக் காது குடைகிறது. நாலாவதில் கதவுத் தாழ்ப்பாள் குருவிக்கு எட்டாத உயரத்தில். ஐந்தாவதில் கோட்டு போட்ட கோட்டான் கண்ணை மூடிக்கொண்டு பேப்பர் படிக்கிறது. இந்த இடத்தில் எனக்குப் புரையேறிவிட்டது. கடைசியில் குருவி காலித் தட்டோடு காக்காய் எதிரில் நிற்கிறது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தட்டு ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குத் தமாஷ் எங்கே புரியப்போகிறது!

ஸ்டென்சில் மெழுகுத்தாளில் நானே ஊசியால் கீறி எடுத்தேன்.  ஆனால் நீ அவசரத்தில் ஒரு தப்பு செய்துவிட்டாய் அம்மா. ஆறு கட்டத்திலும் குருவிக்கு அலகு போட மறந்துவிட்டாய். கண் இருக்கிறது, சிறகு இருக்கிறது, வாய் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருக்கிறது. கவலைப்படாதே. ஆறுக்கும் நான் அலகு போட்டுவிட்டேன். மேஜை மாதிரி இல்லை, நன்றாகவே வந்திருக்கிறது. அலகு வந்த பிறகு குருவி சும்மா நிற்கலாமா? காலித் தட்டோடு நிற்கிற குருவி என்ன சொல்லும்? கடைசிக் கட்டத்தில் 'பசிக்குது!' என்று எழுதினேன். என் ஆயுளில் நான் எழுதிய முதல் வசனம் இது.

நூற்றிருபது பிரதி சுற்றியாகிவிட்டது. இங்கே கைக்குக் கை போகிறது. இன்னொன்று, ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. மாப்பிள்ளை செயலாளராக இருக்கிற தமிழர் மன்றத்துக்குப் பத்துப் பிரதி அனுப்பியிருக்கிறேன். தீபாவளி அன்று எல்லோரும் கூடுவீர்களாமே. 'படக்கதை: சண்முகவடிவு ஜவஹர், நாக்பூர்' என்று பெயரோடு போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை கொஞ்சம் பெருமைப்படட்டும்.

உன் அப்பா (பதிப்பாளர், வசனகர்த்தா)

*

நாக்பூர்
9-11-1970

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலம் என நம்புகிறேன்.

தீபாவளி அன்று மன்றத்தில் நீங்கள் அனுப்பிய பத்திரிகையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். சாவிக்கொத்தைப் பார்த்ததுமே அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோட்டான் யார் என்பதற்கும் அதிக நேரம் ஆகவில்லை. 'பசிக்குது' என்பதை ஒருவர் உரக்கவே வாசித்தார். மருமகளைப் பட்டினி போடுகிற வீடு என்று எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. என் தாயார் அன்றிலிருந்து வெளியே போவதில்லை.

நான் உங்கள் மகளைக் கேட்டேன். அந்த வார்த்தையை அவள் எழுதவில்லை என்று சாதிக்கிறாள். அவள் போட்ட படம் அவளுடையது இல்லையா? என் கையாலேயே அந்த இன்லண்டைத் தபாலில் சேர்த்திருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இனி அவள் கார்டில்தான் எழுதுவாள். நீங்களும் அப்படியே எழுதினால் நல்லது. அடிக்கடி வேண்டாம்.

இப்படிக்கு,
ஜவஹர்

*

தியாகராய நகர்
25-11-1970

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பஞ்சாட்சரம் கைகூப்பி எழுதுவது. நீங்களும் சம்பந்தி அம்மாளும் தேக சௌக்கியத்தோடு இருக்கப் பிரார்த்திக்கிறேன். கார்டில் எழுதச் சொன்னீர்கள். மன்னிப்பு கார்டில் அடங்கவில்லை, அதனால் இந்த ஒருமுறை கவரில் எழுதுகிறேன்.

வடிவு மேல் ஒரு குற்றமும் இல்லை. 'பசிக்குது' என்பது என் மடத்தனம். எங்கள் வீட்டில் எந்நேரமும் பசிக்கிறது என்று சொல்கிறவன் நான்தான். அந்தப் பழக்கத்தில் குருவி வாயிலும் அதையே வைத்துவிட்டேன். பொழுதுபோகாமல் குழந்தை கிறுக்கியதை ஊருக்குக் காட்டியவன் நான்.

கொடுத்த பிரதிகளைத் திரும்ப வாங்க பத்து நாளாக அலைகிறேன். லஸ் முனையில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருக்கிற பீர் முஹம்மது பாய் என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் எட்டுப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். அடையாறில் ஒருத்தர் வீட்டுச் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார். தண்ணீர் தொட்டுக் கிழித்து எடுத்தேன். பனகல் பார்க் டீக்கடையில் கனகராஜ் தர மாட்டேன் என்றான். "இன்னா நைனா, நீயே குடுத்துட்டு நீயே பிடுங்கிக்கினு போறே? எம் பொண்டாட்டி அந்தக் குருவியப் பாத்து அழுதுச்சு. நாளைக்கு வா" என்றான். மூன்று நாள் நடந்து வாங்கினேன். சிரிக்க வேண்டிய படத்துக்கு அந்த அம்மாள் ஏன் அழுதாள் என்று தெரியவில்லை. இங்கே கொடுத்த நூற்றுப்பத்தில் நூற்று நாலு வந்துவிட்டது. எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

பொங்கல் சீரோடு நேரில் வந்து சம்பந்தி அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க அனுமதி வேண்டும். அதுவரை குழந்தையைக் கோபிக்க வேண்டாம்.

தங்கள் மாமா
பஞ்சாட்சரம்

*

நாக்பூர்
14-12-1970

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

நான் நலம். அத்தை நலம். அவர் நலம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் பொங்கலுக்கு வரலாம் என்று அவர் சொல்லச் சொன்னார். இனி எனக்குப் பத்திரிகை எதுவும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
சண்முகவடிவு ஜவஹர்

*

தியாகராய நகர்
19-1-1971

வடிவு, என் கண்ணு,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. அதனால் யார் சுகம், யார் சுகமில்லை என்று உள்ளபடி எழுதலாம். யாரும் சுகமில்லை.

நாக்பூரிலிருந்து இன்று காலையில்தான் வந்து சேர்ந்தேன். அங்கே இருந்த ஒன்றரை நாளில் உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடிந்ததா? நான் கரும்பையும் மஞ்சள்கொத்தையும் வைத்ததுமே உன் அத்தை புஷ்பம் அம்மாள் கேட்டார்கள்: "வாங்க சம்பந்தி. இந்தத் தடவை எந்தப் பட்சியாப் போடப் போறீக?" என் வாய் சும்மா இருக்குமா? "காக்காயாப் போட்டது தப்புதாம்மா, மயிலாப் போட்டிருக்கணும்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

நீ காபி கொண்டுவந்தாய். டம்ளரை நீட்டும்போது, கல்யாணத்துக்கு நான் போட்ட வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிப் போய்த் திரும்பி வந்தது. "என்னம்மா இப்படி இளைச்சிட்டே?" என்றேன். நீ வாயைத் திறக்கும் முன்னால் உன் அத்தை, "நாக்பூர் வெயில் அப்படி" என்றார்கள். தை மாதத்தில் ஏது வெயில்? நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டே, ஆமாம், வெயில்தான் என்று தலையாட்டினேன்.

நான் காக்காய்க்காக மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் அம்மா. அவ்வளவுதான் தப்பு என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை ரிக்ஷா கூப்பிடப் போனார். அத்தை உள்ளே ஏதோ எடுக்கத் திரும்பினார்கள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நீ என் பையை எடுத்துக் கொடுத்தாய். தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்:

"அலகு நான் மறக்கலைப்பா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். சரி சரி, பரவாயில்லைம்மா என்றேன் நான். என்ன பரவாயில்லை? எதற்குச் சொன்னேன்? ரயில் ஏறி, பல்லார்ஷா ஸ்டேஷன் தாண்டும்வரை எனக்கு விளங்கவில்லை. எதிர் சீட்டில் ஒரு குழந்தை பசிக்கு அழுதது, அதன் தாய் பொட்டலத்தைப் பிரித்தாள். அப்போதுதான் விளங்கியது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருக்க வேண்டும். எழுந்து கதவு வரைக்கும் போனேன். அங்கே போய் என்ன சொல்வேன், யார் கதவைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. திரும்ப வந்து என் இடத்திலேயே உட்கார்ந்தேன். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னிடமும் சொல்லப்போவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் எழுத்தைப் படிப்பார், படத்தைப் பார்க்க மாட்டார் என்று நீ முதல் கடிதத்திலேயே எனக்கு வழி சொல்லியிருந்தாய். அந்த வழியில் மூன்று மாதம் காத்திருந்து ஒரே ஒரு தடவை வந்தாய். நீங்களும் அம்மாவும் மட்டும் என்று எழுதினாய். நான் நூற்றிருபது பேருக்குச் சுற்றினேன். உனக்கு அங்கே வாய் இல்லை என்று ஆறு தடவை போட்டுக் காட்டினாய். ஆறு தடவையும் நான் சிரித்துக்கொண்டே வாய் வைத்தேன். டீக்கடைக்காரன் பெண்டாட்டி, உன் முகத்தைக்கூடப் பார்க்காதவள், அலகு போட்ட பிறகும் பார்த்து அழுதிருக்கிறாள். பெற்றவனுக்குப் புரையேறியது.

வந்ததும் நேராக டுடோரியல் காலேஜுக்குப் போனேன். பிரதிகளை எரித்தேனே தவிர ஸ்டென்சிலை எரிக்க மனம் வரவில்லை, பழைய கேள்வித்தாள் கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஸ்டென்சிலில் தப்பு விழுந்தால் தடவுகிற சிவப்பு மருந்து இருக்கிறதே, நகப்பூச்சு மாதிரி, அதை எடுத்து ஆறு அலகையும் அடைத்தேன். 'பசிக்குது' என்பதையும் அடைத்தேன். காய்ந்ததும் ஒரே ஒரு பிரதி சுற்றினேன். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இப்பத்தான் இது எம்புள்ள போட்ட படம்" என்றாள். காலித் தட்டைத் தொட்டு, "நான் அன்னைக்கே கேட்டேன், தட்டு ஏன் காலியா இருக்குன்னு. நீங்க சிரிச்சீங்க" என்றாள்.  என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்தக் காகிதத்தின் பின்பக்கம் சரித்திரக் கேள்வித்தாள். கேள்வியெல்லாம் தெரியும் என்று பெருமையடித்தவன் உன் அம்மாவின் அந்த ஒரு கேள்வியைக் கவனிக்கவில்லை.

சித்திரையில் மறுபடி வருவேன். திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட் எடுப்பேன். நீ வருவாயோ, வர விடுவார்களோ, தெரியாது. டிக்கெட் இரண்டுதான்.

அப்பா

*

தியாகராய நகர்
20-1-1971

சௌபாக்கியவதி சண்முகவடிவுக்கு,

அப்பா ஆசீர்வாதம். நான் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா சுகம், முழங்கால் தேவலை. அங்கே என்னை நன்றாக உபசரித்த சம்பந்தி அம்மாளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் நன்றியைச் சொல்லவும். 'கோணக்கோடு' பத்திரிகையை நிறுத்திவிட்டோம். சித்திரையில் ஒரு காரியமாக அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. வந்தால் உங்களையும் பார்ப்பேன்.

பொழுதுபோகாததால் இந்த வயதில் நானும் படம் பழகுகிறேன். கார்டின் ஓரத்தில் இருப்பது மேஜை இல்லை, குருவி. சிறகு கொஞ்சம் கோணல்தான், கண்ணும் சரியாக வரவில்லை. அலகு மட்டும் போடவில்லை.

மறக்கவில்லை அம்மா.

அப்பா